ஏழாம் நம்பர் சிஸ்டத்தின் ரைட் கிளிக்

அண்ணே, ஒரு நிமிஷம். அந்த பென் டிரைவைச் சொருகுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம்.

இல்ல, நான் தடுக்கல. மேனேஜர் சொல்லித்தானே வந்திருக்கீங்க. ஃபார்மேட் போடணும்னா போட்டுத்தான் ஆகணும். டிசைன் எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு, காலையிலயே ஒரு காப்பி வேற எடுத்து வச்சுட்டேன். ஆனா டி டிரைவ்ல இல்லாத ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் சாப்பிடப் போகாம உட்கார்ந்திருக்கேன்.

உட்காருங்க. அந்த நாற்காலியிலேயே உட்காருங்க, உயரத்தை மட்டும் மாத்திடாதீங்க.

எல்லாரும் கீழ சாப்பிடுறாங்க. ஒன்றரைக்குத்தான் வருவாங்க. நான் எப்பவும் இங்க, டேபிள்லயேதான் சாப்பிடுவேன். அவங்க நல்லவங்கதான். சேர்ந்த புதுசுல ரெண்டு வாரம் கூப்பிட்டாங்க. அப்புறம் நான் வரமாட்டேன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. வரமாட்டேன்னு நான் ஒரு நாளும் சொல்லல. வர்றேன்னும் சொல்லல.

டெஸ்க்டாப்ல வெறும் இடம் இருக்குல்ல, அங்க ரைட் கிளிக் பண்ணுங்க. பாருங்க. மேல ரெண்டு வரி. ‘வலக்கை’, ‘இடக்கை’. அப்புறம் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ ஒரு வரி இருக்கு, அதை இப்ப படிக்காதீங்க, அப்புறம் சொல்றேன்.

வைரஸ் இல்லண்ணே. நான் எழுதினது. ரெஜிஸ்ட்ரிக்குள்ள போய், விண்டோஸ் செட்டிங் எல்லாம் இருக்கிற இடத்துல நானா எழுதினது. சிரிக்காதீங்க. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிருக்கேன். படிச்சுட்டுக் காலண்டர்ல கடைப் பேரு போட்டுக்கிட்டிருக்கேன்.

முதல்ல வேலைக்காகத்தான் பண்ணினேன். ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பம் வந்ததும் ஆர்டர் எப்படிக் கொட்டும்னு உங்களுக்குத் தெரியாததா. படத்துக்குக் கீழ கடை பேரு, தெரு, போன் நம்பர். ஒரு நாளைக்கு எண்பது கடை. முருகன் அதே முருகன்தான். காலையில ஜவுளிக்கடை முருகன், மதியம் சிமெண்ட் கடை முருகன். ஒவ்வொண்ணையும் முடிச்சு புரூஃபுக்கு அனுப்ப ஃபைலை ரைட் கிளிக் பண்ணினா, முப்பது வரி நீளும். இந்த சிஸ்டத்துல எவன் எவனோ என்னென்னமோ சாஃப்ட்வேர் போட்டிருக்கான், ஒவ்வொண்ணும் வந்து அந்த மெனுவுல ஒரு வரி போட்டு உட்கார்ந்திருக்கு. நமக்கு வேண்டிய வரி எங்கயோ நடுவுல. அதுக்கு மேல டெலீட். ஒரு தடவை கை தவறி ஒரு நகைக்கடையையே டெலீட் பண்ணிட்டேன்.

அதனால ஒரு சாயங்காலம் வேண்டாததை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்தேன். எடுத்துட்டு, மேலயே தமிழ்ல ஒரு வரி வச்சேன், ‘புரூஃபுக்கு அனுப்பு’ன்னு. பக்கத்து டேபிள் கற்பகவல்லி எட்டிப் பார்த்தா. “என்னடி மாரீஸ்வரி, நீதான் பேசமாட்டேங்கிற, உன் சிஸ்டம் தமிழ் பேசுது”ன்னா. ஹால்ல இருந்த எட்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எனக்கும் போட்டுக் குடுன்னு சொன்னா. சரின்னேன். அவ மறுபடி கேட்கல. நானும் போட்டுத் தரட்டுமான்னு கேட்கல.

இந்த வரைக்கும் வேலைதான். இதுக்கு அப்புறம்தான் நான் உங்ககிட்ட சொல்ல வந்தது.

ஆவணி பிறந்ததும் செகண்ட் ஷிஃப்ட் போட்டாங்க. நாங்க சாயங்காலம் ஆறு மணிக்கு டேபிளை விட்டு எழுந்திருப்போம். வேன் ஆறு மணிக்கு வாசல்ல நிக்கும், அஞ்சு நிமிஷம் பார்க்கும், அப்புறம் கிளம்பிடும். எனக்கு வத்திராயிருப்பு, கடைசி இறக்கம். ஆம்பளைங்க ஆறரைக்கு வந்து இதே டேபிள்ல, இதே சிஸ்டத்துல உட்காருவாங்க. நடுவுல அரை மணி நேரம் இந்த ஹால்ல யாருமே இருக்க மாட்டாங்க. பொண்ணுங்களும் ஆம்பளைங்களும் படியில உரசிக்கக் கூடாதுன்னு மொதலாளி அப்படி வச்சிருக்கார். என் நாற்காலியில யார் உட்கார்றாங்கன்னு எனக்குத் தெரியாது.

ஷிஃப்ட் ஆரம்பிச்ச மறுநாள் காலையில வந்து ஒரு ஃபைலைக் கிளிக் பண்றேன், திறக்கல. மெனு வருது. மறுபடி கிளிக் பண்றேன். மறுபடி மெனு. மவுஸ் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா மவுஸ் கீபோர்டுக்கு இடது பக்கம் இருக்கு. டீ கிளாஸ் வச்ச வட்டம் வலது பக்கம் இருக்கு. அப்பதான் புரிஞ்சது, வர்றவர் இடக்கைக்காரர். பட்டனை மாத்தி வச்சுக்கிறார். அவருக்கு வலது பட்டன்தான் கிளிக், இடது பட்டன்தான் மெனு.

அப்புறம் நாற்காலி. தரையோட இறக்கி வச்சிருப்பார். குள்ளமான ஆள்னு நினைச்சுக்கிட்டேன். கீபோர்டு இடுக்குல கடலைத்தோல் கிடக்கும். கடலை மிட்டாய் இல்ல, வறுத்த கடலை, தோல் தனியா வரும்ல, அது.

ஒரு வாரம் கோபமா வந்தது. தினமும் காலையில மவுஸை இந்தப் பக்கம் வச்சு, செட்டிங்ஸைத் திறந்து, பட்டனை மாத்தி, நாற்காலியைத் தூக்கி, தோலை ஊதி. யார்கிட்ட சொல்ல? மேனேஜர்கிட்ட போய் ஏழாம் டேபிள்ல ராத்திரி யார் உட்கார்றாங்கன்னு கேட்கலாம். கேட்டா எட்டு தலை திரும்பும். சாயங்காலம் வேன்ல அதுதான் பேச்சு. “ஏழாம் டேபிளை ஏன்டி கேட்கிற”ன்னு.

அதனாலதான் அந்த ரெண்டு வரியை எழுதினேன். காலையில முதல் கிளிக்குலயே மெனு வந்துடுதுல்ல. வர்ற மெனுவுலயே மாத்துற வழியையும் வச்சுட்டா? ‘வலக்கை’ன்னு ஒண்ணு. அதை அமுத்தினா எனக்கு மாறிடும். அதுக்கப்புறம் மனசு கேட்கல, அவர் மட்டும் சாயங்காலம் செட்டிங்ஸ் தேடி அலையணுமான்னு ‘இடக்கை’ன்னு ஒண்ணும் வச்சேன். வச்சுட்டு, அன்னைக்குக் கிளம்புறப்போ நானே ‘இடக்கை’யை அமுத்திட்டு மவுஸை அந்தப் பக்கம் வச்சுட்டு வந்தேன். அவர் வந்து உட்கார்ந்ததும் அப்படியே வேலையைத் தொடங்கலாம்.

யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு. நான் ஒரு ஆளுக்கு ஒண்ணு பண்ணியிருக்கேன், அந்த ஆள் அதைக் கையில உணருவார். அவருக்கு நான் யாருன்னு தெரியாது. எனக்கு அது போதுமா இருந்தது. வேன்ல ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறரை ஆகுறதைப் பார்த்துக்கிட்டே வருவேன். கிருஷ்ணன்கோவில் தாண்டுறப்போ ஆறரை ஆகும். இப்ப உட்கார்ந்திருப்பார், இப்ப மவுஸைத் தொட்டிருப்பார்னு.

ஆவணி, புரட்டாசி பூரா இப்படித்தான். சாயங்காலம் நான் அவருக்கு மாத்தி வச்சுட்டுப் போவேன். காலையில அவர் விட்டுட்டுப் போனபடியே இருக்கும். நான் எனக்கு மாத்திக்குவேன். அவர் திருப்பி எதுவும் பண்ணல. நான் எதிர்பார்க்கவும் இல்ல. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. காலையில வந்து ஃபைலைக் கிளிக் பண்றேன், திறந்துடுச்சு.

அப்படியே கையை எடுத்துட்டேன். மவுஸ் வலது பக்கம் இருந்துச்சு. எனக்கு மாத்தி வச்சுட்டுப் போயிருந்தார். கற்பகவல்லி பார்த்து, “என்னடி பேயைப் பார்த்த மாதிரி இருக்க”ன்னா. கரெண்ட் வந்துடுச்சுன்னு சொன்னேன். கரெண்ட் போகவே இல்ல.

அதுக்கப்புறம் தினமும். ஒரு நாள்கூடத் தவறாம. நான் சாயங்காலம் இடக்கைக்கு மாத்திட்டுப் போவேன், அவர் ராத்திரி வலக்கைக்கு மாத்திட்டுப் போவார். பட்டன் மட்டும் இல்லண்ணே. கடலைத்தோல் நின்னுடுச்சு. இடத்தைச் சுத்தமா வச்சுட்டுப் போறார்னு நினைச்சேன். நாற்காலி என் உயரத்துக்கே இருக்கும், நான் தூக்க வேண்டியதில்ல. அதையும் எனக்காகத் தூக்கி வைக்கிறார். டீ வட்டம்கூட இடது பக்கம் வந்துடுச்சு. அதைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். எனக்காக வலது கையில பழகிப் பார்க்கிறாரோன்னு. இவ்வளவு பண்ற ஆள் அதையும் பண்ணுவார்தானே.

வீட்டுல அம்மாகிட்ட சொல்லலாம்னு பார்த்தேன். எப்படிச் சொல்றது? ஒருத்தர் எனக்காக மவுஸை இந்தப் பக்கம் வச்சுட்டுப் போறார்னா? “வச்சா என்ன”ன்னு கேட்டுட்டு அம்மா டிவி பக்கம் திரும்பிடும். அப்படிச் சொல்லிப் பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கு. இப்ப உங்ககிட்ட சொல்றப்போகூட அப்படித்தான் இருக்கு. நான் யார்கிட்டயும் இவ்வளவு பேசினதில்லண்ணே. நீங்க சிஸ்டம் பார்க்கிறவர், இதோட போயிடுவீங்க, அந்தத் தைரியம்தான்.

அந்தக் கீழ் வரியை இப்பப் படிங்க.

‘தீபாவளி நல்லா போச்சா’. ஆமா. கார்த்திகை வந்தும் மாத்தல. அதைக் கிளிக் பண்ணினா வெறும் நோட்பேட் ஒண்ணு திறக்கும். எதாவது எழுதணும்னா எழுதலாம்னு வச்சேன். பேர் கேட்கல, ஊர் கேட்கல. தீபாவளியைத்தான் கேட்டேன். தினமும் காலையில முதல் வேலையா அதைத் திறந்து பார்ப்பேன். வெறுமையா இருக்கும். பதினோராம் நாள் மூணு எழுத்து இருந்துச்சு. இங்கிலீஷ்ல, d, f, g. அவ்வளவுதான்.

கை பட்டிருக்கும்னு சொல்றீங்க. நானும் அப்படித்தான் முதல்ல நினைச்சேன். அப்புறம் கீபோர்டைப் பார்த்தேன். மூணும் இடது கை படுற எழுத்து. இடது கையாலதான் தட்டியிருக்கார், அவரேதான்னு முடிவு பண்ணினேன். அந்த ஃபைலை அழிக்கல. இன்னும் இருக்கு.

வர்ற சனிக்கிழமையோட செகண்ட் ஷிஃப்ட் முடியுது. அதுக்கப்புறம் அவங்க யாரும் வரமாட்டாங்க. அதனால சனிக்கிழமை நான் வேன்ல போகாம நிக்கப்போறேன். அம்மாகிட்ட ஓவர்டைம்னு சொல்லி வச்சிருக்கேன். ஆறரை வரைக்கும் கீழ வாசல்ல, செக்யூரிட்டி பக்கத்துல நின்னு, யார் கையில இடது பக்கம் கடிகாரம் இல்லாம வலது பக்கம் கட்டியிருக்குன்னு பார்ப்பேன். இடக்கைக்காரங்க அப்படித்தான் கட்டுவாங்க. பார்த்துட்டு என்ன பேசுறதுன்னு தெரியல. ‘ஏழாம் டேபிள்’னு மட்டும் சொல்லலாம்னு இருக்கேன். அந்த டிராயர்ல ஒரு பொட்டலம் இருக்கு, வறுத்த கடலை. நேத்து சாத்தூர்க்காரர் கடையில வாங்கினது.

இதுக்குத்தான் கேட்கிறேன். ரெண்டே நாள். சனிக்கிழமை வரைக்கும் இந்த மெனுவை விட்டு வைக்க முடியுமா? ஃபார்மேட்டைத் திங்கட்கிழமை போடலாம்ல? இன்னைக்கு இதை அழிச்சுட்டா ராத்திரி அவர் வந்து பார்ப்பார். வெறும் மெனுவா இருக்கும். நான் வேண்டாம்னு எடுத்துட்டேன்னு நினைச்சுக்குவார்.

சிஸ்டம் ஸ்லோன்னு கம்ப்ளைண்ட் குடுத்தாங்களா? இது ஸ்லோவே இல்லண்ணே. நான்தானே தினமும் ஓட்டுறேன். பின்ன என்ன கம்ப்ளைண்ட்? யார் குடுத்தது? சீட்டு வச்சிருக்கீங்கல்ல, காட்டுங்க. ஏன் மடிக்கிறீங்க. காட்டுங்கண்ணே.

‘டேபிள் ஏழு. தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்தா மவுஸ் தலைகீழா இருக்கு. சரி பண்ணி வச்சுட்டுப் போனா மறுநாளும் அதே மாதிரி மாறிடுது. ரைட் கிளிக் பண்ணினா என்னென்னமோ எழுத்து வருது. வைரஸ். ஃபார்மேட் போட்டுத் தரவும். ஜெயசுதன், செகண்ட் ஷிஃப்ட்.’

எழுத்து நல்லா இருக்கு. வலது கை எழுத்துதான்.

அப்ப இடக்கைக்காரர்?

காளிராஜா. அவர் பேர் காளிராஜா. நீங்க பார்த்திருக்கீங்களா? குள்ளமா, ஆமா, குள்ளமாத்தான் இருப்பார்னு நினைச்சேன். திருப்பூருக்குப் போயிட்டாரா. எப்ப? தீபாவளிக்கு முன்னாடியேவா. நாலு மாசமா தெரியாத பேரு, ஆளு இல்லைங்கிறதோட சேர்ந்து தெரியுது.

இருங்க. இருங்கண்ணே, நான் கொஞ்சம் கோர்வையா யோசிக்கணும்.

அப்ப கடலைத்தோல் நின்னது காளிராஜா இல்லாததாலதான். நாற்காலி உயரம் இந்த ஜெயசுதனோட உயரம். டீ வட்டம் இடது பக்கம் வந்தது, இவர் வலது கையில மவுஸைப் பிடிக்கிறவர்ங்கிறதாலதான். அந்த மூணு எழுத்து. மவுஸை வலது கையில பிடிச்சிருந்தாத்தானே இடது கை கீபோர்டு மேல சும்மா கிடக்கும். இதைக்கூட நான் யோசிக்கல பாருங்க. ‘வலக்கை’யை இவர் எனக்காக அமுத்தல. தனக்காக அமுத்திக்கிட்டார். தினமும் சாயங்காலம் வந்து எரிச்சலோட அமுத்தியிருப்பார். எந்த சனியன் இதை மாத்தி வைக்குதுன்னு திட்டிக்கிட்டே.

நான்தான். ஐம்பது நாளா ஒரு நாளும் விடாம, கிளம்புறப்போ ஞாபகமா மாத்தி வச்சுட்டு வந்தது நான்தான்.

இல்ல, அழல. தூசி. தூசி ஊதுற ப்ளோயரை வெளிய எடுத்து வச்சிருக்கீங்கல்ல.

அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காளிராஜா நின்னது எந்தக் கிழமை? வியாழக்கிழமை வாக்குலயா. வாக்குலன்னா? வியாழக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் பார்த்துட்டு நின்னாரா, புதன்கிழமையோட நின்னு வியாழக்கிழமை இந்த ஜெயசுதன் வந்துட்டாரா?

ஏன்னா முதல் முதல்ல மவுஸ் என் பக்கம் இருந்தது வெள்ளிக்கிழமை காலையில. வியாழக்கிழமை ராத்திரி உட்கார்ந்தது காளிராஜான்னா, அந்த ஒரு தடவை அவர் மாத்தி வச்சது. கடைசி நாள், போறப்போ, எனக்காக. ஜெயசுதன்னா, அதுவும் இல்ல.

நாற்காலி இறங்கி இருந்துச்சா? அதைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். கடலைத்தோல் கிடந்துச்சான்னு பார்த்திருந்தாலே போதும். தினமும் பார்ப்பேண்ணே. வட்டம் எங்க இருக்கு, தோல் எத்தனை இருக்கு, நாற்காலி எவ்வளவு இறங்கியிருக்கு, எல்லாம் பார்ப்பேன். அன்னைக்கு மட்டும் பார்க்கல. அன்னைக்கு அந்த மவுஸை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அவர் போன் நம்பரா? உங்ககிட்ட இருக்கா. கேட்டுச் சொல்றீங்களா, இப்பவே, ஒரே நிமிஷத்துலயா.

வேண்டாம்.

இல்லண்ணே, வேண்டாம். போனை உள்ள வைங்க. நிஜமா. கேட்க வேண்டாம்.

பென் டிரைவைச் சொருகுங்க. திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு, இன்னைக்கே போட்டுடுங்க. பாவம் அந்த ஜெயசுதன், இன்னைக்காவது ஒழுங்கா உட்கார்ந்து வேலை பார்க்கட்டும். புரூஃபுக்கு அனுப்புற வரி மட்டும் நான் மறுபடி எழுதிக்கிறேன். கற்பகவல்லிக்கும் ஒண்ணு போட்டுக் குடுக்கணும், கேட்டிருந்தா. அந்த டிராயரைத் திறங்க. பொட்டலத்தைப் பிரிங்க, நேத்து வறுத்ததுதான், சாப்பிடுங்க. நமுத்துப்போறதுக்குள்ள யாராவது சாப்பிடட்டும். தோலைக் கீழ போட்டுடாதீங்க. போட்டாலும் பரவாயில்ல.

எல்லாம் அழிஞ்சு புதுசா வர்றப்போ மவுஸ் வலது கைக்குத்தானே வரும்? யாரும் கேட்காமலே?

ஆமா, அப்படித்தான் வரும்.

நாளைக்குக் காலையில கிளிக் பண்ணினா ஃபைல் திறந்துடும்.